ஒரு காது மட்டும் அடைத்து இரைந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சும்மா இருக்கும்போதே காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அந்தப் பக்கம் லேசாக அடைத்த மாதிரி இருக்கும். பத்து, இருபது நொடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். இதற்கு மருந்தும் வேண்டாம், டெஸ்டும் வேண்டாம். 1953-ல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரை வெளிச்சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ராத்திரி ஊர் அடங்கியதும் சில்வண்டு இரைவதுபோல் பலருக்குக் கேட்பதும் இப்படித்தான்.

இந்தக் கடிதம் நிற்காமல் இரையும் காதைப் பற்றியது.

காலையில் எழும்பும்போது ஒரு காது மந்தமாகி, கூடவே இரைச்சலும் இருந்தால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்காது நரம்பின் திறன் மூன்று நாளைக்குள், சில நேரம் ஒரே ராத்திரியில், சடாரென்று இறங்கிவிடும் கோளாறு இது. ஸ்டீராய்டு மாத்திரையை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் அந்த இரண்டு வாரமும் எங்கே போகிறது என்று பாருங்கள். நீர் கோர்த்திருக்கும் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். கேட்காவிட்டால் மெடிக்கலில் சொட்டு மருந்து. அதற்குப் பிறகு, 'திருவிழா முடியட்டும், பார்ப்போம்.' செவிப்பறைக்கு இந்தப் பக்கம் ஊற்றும் எண்ணெய் உள்காதுக்குப் போகவே போகாது. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பதும், சூட்டோடு ஊற்றியதில் தோல் வெந்துபோவதும்தான் மிச்சம்.

அடைப்பு வெளியிலா உள்ளேயா என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று நீட்டி முனகுங்கள். மந்தமான காதில் அது பெரிதாகக் கேட்டால் குறும்பியோ சளியோ வழியை மறித்திருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் பழுது நரம்புப் பக்கம். நம்பிக்கை வராவிட்டால், இரண்டு காதும் சரியாக உள்ள ஒருவர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகிப் பார்க்கட்டும். சத்தம் அடைத்த காதுக்கே ஓடும். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து மருத்துவர் பார்ப்பதும் இதையேதான். ஆனாலும் முனகல் சோதனையோடு நின்றுவிடக்கூடாது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுத்தால்தான் உறுதி. அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் (சுருதிகளில்) கேட்கும் திறன் 30 டெசிபலோ (சத்தத்தின் அளவு) அதற்கு மேலோ இறங்கியிருந்தால், உடனே சிகிச்சை தொடங்க வேண்டும். ஸ்டீராய்டைச் சொந்தமாக வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போடும் முறையும் உண்டு.

குறும்பிதான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. திற்பரப்பு அருவியிலோ ஊர்க் குளத்திலோ குளித்தபின் காது திடீரென்று அடைத்து இரைவது பெரும்பாலும் இதனால்தான்: உள்ளே கிடந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பி, இருந்த கொஞ்ச இடைவெளியையும் மூடிவிடுகிறது. பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும். சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தை மூன்று, நான்கு நாள் விட்டு இளக்கியபின் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளலாம். பீய்ச்சும் தண்ணீர் உடல் சூட்டில், 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தலை சுற்றும். சீழ் வடிந்த காதுக்கும் ஓட்டை உள்ள செவிப்பறைக்கும் இந்தச் சொட்டு மருந்து, தண்ணீர் இரண்டுமே ஆகாது.

குளச்சல், கடியபட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சளி பிடித்த நாளில் முங்க வேண்டாம். காது வலிக்க வலிக்க ஆழம் இறங்கினால் அழுத்தம் தாங்காமல் உள்காதின் சவ்வே கிழியலாம். மேலே ஏறியபின் இரைச்சலோடு தலைசுற்றலும் வந்தால், மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள், மறுபடி முங்காதீர்கள், பாரம் தூக்காதீர்கள். தலையை உயர்த்திப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

அடுத்தது இரைச்சலான வேலை. ஒவ்வொரு காதிலும் ஒலியை வாங்கும் முடிச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. அங்கிருந்து வரும் சேதி குறையக் குறைய, மூளை ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவதுபோல் தன் பக்கத்தில் கூட்டிக்கொள்கிறது. கேட்கும் இரைச்சல் அதுதான். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும். ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிப்பவர், சிங்காரி மேளம் அடிப்பவர், பாக்ஸ் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நிற்கும் பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பஞ்சு வைத்தால் சத்தம் பெரிதாகக் குறையாது. கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே பின்னோக்கி இழுத்து, உள்ளே செருகி, அது விரிந்து அடைக்கும்வரை 30 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை.

நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டால் ஸ்கேன் தேவைப்படலாம். அமிகாசின், ஜென்டாமைசின் ஊசியோ அதிக அளவு ஆஸ்பிரினோ எடுக்கும்போது இரைச்சல் தொடங்கினால் மருந்து எழுதியவரிடம் அன்றே சொல்லுங்கள். நெடுநாள் இரைச்சலை அறவே நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. காது மந்தமும் சேர்ந்திருந்தால் காது கேட்கும் கருவி உதவும். தூங்கும்போது மின்விசிறிச் சத்தம் துணையாக இருக்கட்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள், காது மூக்கு தொண்டைப் பிரிவில் 'காது இரையுது' என்று மட்டும் சொல்லி வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள். 'ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, இன்றோடு இத்தனை நாள்' என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கேட்பியல் பணியாளர்கள்,
நாகர்கோவில்