பேதுருவை வாயிற்காவலர் ஆக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த சமயச் சின்னங்கள் பற்றிய கட்டுரையில் இப்படி ஒரு வரி இருந்தது: “கிறிஸ்தவ நம்பிக்கையின்படி, மூடிய முத்துக் கதவின் முன் புனித பேதுரு பேரேட்டுடன் நின்று, இறந்தவர்களின் கணக்கைப் பார்த்து உள்ளே விடுகிறார், அல்லது திருப்பி அனுப்புகிறார்.” கட்டுரையாளர் இதை வேடிக்கையாக எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். எங்கள் நம்பிக்கை இதுதான் என்று பிறருக்கு விளக்கும் தொனியில் எழுதியிருக்கிறார். தங்கள் பார்வைக்கு வராமல் எதுவும் அச்சேறாது என்று நம்பி வந்தவள் நான்.

முத்து வாயில்கள் விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 21ஆம் அதிகாரத்தில், புதிய எருசலேம் என்னும் நகரின் வருணனையில் வருகின்றன என்பது தாங்கள் அறியாததல்ல. அங்கே இருப்பது ஒரு கதவு அல்ல, பன்னிரண்டு வாயில்கள். கிழக்கே மூன்று, வடக்கே மூன்று, தெற்கே மூன்று, மேற்கே மூன்று. எந்தத் திசையிலிருந்து வருகிறவருக்கும் எதிரே வாயில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே முத்தால் ஆனது. நல்முத்து ஒன்றைக் கண்ட வணிகர் தமக்குள்ள அனைத்தையும் விற்று அதை வாங்கினார் என்று இயேசு சொன்ன உவமை மத்தேயு நற்செய்தியில் உண்டு. அவ்வளவு விலையுயர்ந்த முத்து, இங்கே எல்லாரும் கடந்து போகும் வாயிலாக நிற்கிறது. வாயில்களில் இருப்பவர்கள் பன்னிரண்டு வானதூதர்கள். இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான பேதுருவுக்கு அந்த நகரில் இடம் உண்டு, ஆனால் அது மதிலின் அடித்தளத்தில். பன்னிரண்டு அடிக்கற்களில் பன்னிரு திருத்தூதர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அதே அதிகாரத்தின் 25ஆம் வசனம், அந்த வாயில்கள் பகலில் மூடப்படுவதில்லை என்றும் அங்கே இரவே கிடையாது என்றும் சொல்கிறது. இரவே இல்லாத இடத்தில் கதவை மூட ஏது நேரம்? பழங்காலத்து நகரங்கள் பகைவருக்கு அஞ்சி வாயில்களை அடைத்தன. மதிலைக் கட்டி முடித்த நெகேமியாகூட, வெயில் ஏறும்வரை எருசலேமின் வாயில்களைத் திறக்க வேண்டாம் என்றுதான் உத்தரவிட்டார். அந்த எருசலேமை கி.பி. 70இல் ரோமப் படை அழித்தது. திருவெளிப்பாடு அதற்குப் பிறகு, முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வாயில்களை அடைத்தும் ஊரைக் காக்க முடியாமல் போனதை அறிந்த மக்களுக்கு, அடைக்கத் தேவையே இல்லாத ஒரு நகரை அந்த நூல் காட்டியது. இதை மூடிய கதவாக எழுதுவது சிறிய பிழையா?

தீட்டுள்ள எதுவும் உள்ளே நுழையாது என்று அங்கேயே எழுதியிருக்கிறதே என்று கட்டுரையாளர் கேட்கலாம். எழுதியிருக்கிறது. தீர்ப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏடுகள் திறக்கப்படுவது 20ஆம் அதிகாரத்தில், கடவுளின் அரியணைக்கு முன்னால். வாழ்வின் ஏடு ஆட்டுக்குட்டியானவருடையது, அதாவது இயேசுவுடையது. பத்துக் கன்னியர் உவமையில் கதவு அடைபடுகிறது, உண்மைதான். அங்கேயும் வெளியே நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்பவர் மணமகன். எங்கும் பேதுருவின் கையில் பேரேடு இல்லை.

பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல் இருக்கிறது. மத்தேயு 16இல் இயேசுவே தருகிறார். அந்தச் சொற்களுக்குப் பின்னால் பழைய ஏற்பாட்டின் எசாயா 22 இருக்கிறது. அங்கே தாவீது வீட்டின் திறவுகோலைப் பெறும் எலியாக்கிம், எருசலேம் மக்களுக்குத் தந்தையாக இருப்பார் என்று சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட பொறுப்பைப் பெற்றவரைச் சீட்டுக் கிழிப்பவராக்கிவிட்டார்கள்.

விவிலியத்தில் பேதுருவும் வாயிலும் சேர்ந்து வரும் இடங்களைக் கட்டுரையாளர் ஒருமுறை படித்திருக்கலாம். இயேசு கைதான இரவில், தலைமைக் குருவின் முற்றத்துக்கு வெளியே, வாயிலருகே நிற்கிறார் பேதுரு. வேறொரு சீடர் வந்து வாயில்காக்கும் பெண்ணிடம் பேசிய பிறகே அவரால் உள்ளே போக முடிகிறது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்குத்தான் அவர் முதன்முறை ஆண்டவரை மறுதலிக்கிறார். திருத்தூதர் பணிகள் 12இல், சிறையிலிருந்து தப்பி வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார். குரலை அடையாளம் கண்ட பணிப்பெண் மகிழ்ச்சியில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே இருப்பவர்கள் நம்பவில்லை. பேதுரு தட்டிக்கொண்டே இருக்கிறார். வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்று இவரைவிட அறிந்த திருத்தூதர் உண்டா? இவரையா பிறரை வெளியே நிறுத்துபவராகக் காட்டுவது?

நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள். விண்ணகத்தை வரையுங்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கம்பிக் கதவு வரைவார்கள், அதில் பெரிய பூட்டு ஒன்றையும் வரைவார்கள். எந்த வகுப்பிலும் நாங்கள் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. பத்திரிகைத் துணுக்குகளிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தது. எங்கள் பிரசங்கிகள் சிலருக்கும் இதில் பங்குண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

என் அக்காவின் முதல் குழந்தை பிறந்த சில மணி நேரத்தில், திருமுழுக்குப் பெறும் முன் இறந்துபோனது. அடக்கத்தின்போது ஒரு பெரியவர், “வாசல்வரைக்கும் போகும், உள்ளே விடமாட்டார்கள்” என்று அவள் காதுபடச் சொன்னார். அன்று முதல் அவள் பேதுருவிடம் வேண்டியதே இல்லை. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளும் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007இல் வெளியிட்ட ஆவணத்தில் எழுதியது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன வாசல் அவள் மனதிலிருந்து போகவில்லை. தங்கள் இதழின் அந்த வரியை முதலில் படித்தவளும் அவள்தான். ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினாள்.

இது முதல்முறை என்றால் பொறுத்திருப்பேன். புகழ்பெற்றவர் யார் மறைந்தாலும் தங்கள் இதழில் அதே சித்திரம்: மேகம், கம்பிக் கதவு, தாடி வைத்தவர், தடித்த நோட்டு. மறைந்தவர் எந்தச் சமயத்தவர் என்றுகூடப் பார்ப்பதில்லை. பிற சமயங்களைப் பற்றி எழுதும்போது அறிஞர்களைக் கேட்டு எழுதும் தாங்கள், எங்களைப் பற்றி எழுத மட்டும் துணுக்குகளை நம்புவது ஏன்? முன்பும் இதுபற்றி எழுதினேன். இதழைப் பாராட்டி நான் எழுதிய முதல் வரிகள் மட்டும் அச்சாயின, வசனம் இருந்த பகுதி வரவில்லை. அந்தப் பாராட்டும் மனதாரச் சொன்னதுதான். வசனத்துக்காக எழுதிய கடிதத்திலிருந்து வசனத்தை எடுத்துவிட்டதுதான் வருத்தம்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: முத்து வாயில்கள் பன்னிரண்டு, அவை மூடப்படுவதில்லை, திருவெளிப்பாடு 21:25. அஞ்சலிப் பக்கத்திலிருந்து அந்தச் சித்திரத்தை நீக்கிவிடுங்கள். இடம் போதாமல் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பேதுரு வெளியே நின்ற பகுதியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். என் அக்கா அதை அச்சில் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகி,
மறைக்கல்வி ஆசிரியை (ஓய்வு)