பொட்டலம் கட்டும் முன் ஒரு கேள்வி

நாட்டு மருந்துக் கடை நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைச் சுக்கும் திப்பிலியும் தின்று வளர்ந்தவள் நான். இன்றைக்கும் தொண்டை கட்டினால் சித்தரத்தை வாங்க உங்களிடம்தான் வருகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். "பிள்ளைக்கு உரை மருந்து கொடுங்க" என்று யாராவது வந்து நின்றால், பொட்டலம் கட்டும் முன் "பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று கேளுங்கள்.

என் தங்கை மகளுக்கு அப்போது நாற்பது நாள். ராத்திரி முழுக்க முக்கி முக்கி அழுதாள். அம்மா கடுக்காய், மாசிக்காய், சுட்ட வசம்பு எல்லாவற்றையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்தார். நன்றாகத் தூங்கட்டும் என்று ஜாதிக்காயை மட்டும் கூட நாலு இழைப்பு. பிள்ளை தூங்கினாள். பால் குடிக்கவும் எழவில்லை. உள்ளங்காலில் சுண்டினால் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "ஏதாவது உரசிக் கொடுத்தீங்களா?" இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குச் செய்ததைத்தான் அவர் பேத்திக்கும் செய்தார்.

ஜாதிக்காய் மயக்கம் தரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இழைப்புக்கு இழைப்பு, கைக்குக் கை அளவு மாறும். நாலு கிலோ உடம்பில், இன்னும் முதிராத ஈரலுக்கு அந்தக் கூடுதல் பெரிய பாரம். வசம்பைப் பேர் சொல்லாதது என்று மரியாதையாக அழைக்கிறோம். அதிலுள்ள பீட்டா அசரோன் ஆய்வக எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியது என்று, அமெரிக்காவில் 1968லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். நம் ஊர் வசம்பில் அந்தப் பொருள் அதிகம்.

அப்புறம் தேன். "தேனில் குழைச்சு நாக்கில் தடவுங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயது நிரம்பாத குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். பிள்ளை துவண்டுபோகும், மூச்சும் தடுமாறும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்த்தால் அது தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரலாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகலாம்.

காலங்காலமாகக் கொடுத்ததுதானே என்பீர்கள். அந்தக் காலத்தில் போன பிள்ளைகளை மாந்தம், தோஷம் என்று சொல்லிப் புதைத்தோம். புகட்டின பாலாடையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கல்லாப்பெட்டிக்கு மேலே ஓர் அட்டை தொங்கவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து தவிர வேறெதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடாது. உரை மருந்துதான் வேண்டும் என்பவர்கள் பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். பிள்ளை துவண்டாலோ பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. கொடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும், மிச்சப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியம்மா