ஸ்மார்ட் லைட்டுக்கும் பிளைண்ட்ஸுக்கும் எக்ஸ்பைரி டேட் எங்க சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல ஸ்மார்ட் ஹோம் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், போட்டோ எல்லாம் பிரமாதம், போன்ல ஒரு தட்டு தட்டினா ஹால் லைட் மங்குது, ஜன்னல் பிளைண்ட்ஸ் தானா இறங்குது, பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் எத்தனை வருஷம் ஓடும், அத்தனை வருஷத்துக்கும் சேத்து எவ்ளோ செலவாகும்னு ஒரு வரி கூட இல்ல. அடுத்த வாரம் யாராவது கேப்பாங்கன்னு பாத்தேன், கேக்கல, அதான் நானே எழுதறேன். நீளமா போனா வெட்டிக்கோங்க.

சாதா சுவிட்ச எடுத்துக்கோங்க. 20 வருஷம் 30 வருஷம் சுவத்துல கிடக்கும், அதுக்கு யாரும் அப்டேட் போட்டதில்ல, பாஸ்வேர்டு கேட்டதில்ல. அதே எடத்துல இப்ப நாம வைக்கற சாமான் கெடறதே வேற மாதிரி, பொருள் நல்லாத்தான் இருக்கும், எங்கயோ இருக்கற சர்வர கம்பெனி நிறுத்திடும். கற்பனையா சொல்லல. ரிவால்வ்னு ஒரு ஹப், அதாவது வீட்ல இருக்கற ஸ்மார்ட் சாமான் எல்லாத்தையும் ஒண்ணா சேக்கற டப்பா, அத நெஸ்ட் கம்பெனி வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வர நிறுத்திட்டாங்க, வாங்கி வச்சவங்க கையில வெறும் டப்பா தான் மிச்சம். ஆஸ்ராம் கம்பெனியோட லைட்டிஃபை ஸ்மார்ட் லைட்டுங்களுக்கான சர்வர் 2021 ஆகஸ்ட் கடைசியோட முடிஞ்சுது. விங்க் ஹப் வாங்கினவங்களுக்கு 2020 மே மாசம் ஒரு அறிவிப்பு வந்துச்சு, இனிமே மாச சந்தா கட்டணும்னு, வாங்கும்போது அப்படி ஒரு பேச்சே இல்ல. 2022 ஏப்ரல்ல இன்ஸ்டியான்னு ஒரு ஸ்மார்ட் ஹோம் கம்பெனி, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம சர்வர மூடினாங்க, ஆப் செத்துப் போச்சு, அப்புறம் அத யூஸ் பண்ணிட்டிருந்தவங்கள்லயே சில பேர் சேந்து கம்பெனிய வாங்கி திரும்ப உயிர் குடுத்தாங்க. ஆப்ல லைட்ட போடறதுக்காக கம்பெனியவே வாங்க வேண்டியதா போச்சு பாருங்க!

இன்ஸ்டியான் விஷயத்துல ஒண்ணு கவனிக்கணும், சர்வர் போன அன்னிக்கும் சுவத்துல இருந்த சுவிட்ச அமுக்கினா லைட் எரிஞ்சுது. அதே மாதிரி ஃபிலிப்ஸோட ஹ்யூ ஸ்மார்ட் பல்புங்களுக்கு முதல்ல வந்த வட்ட பிரிட்ஜுக்கு (அதுவும் ஒரு ஹப் தான்) 2020 ஏப்ரல்ல ஆன்லைன் சப்போர்ட்ட நிறுத்தினாங்க, ஆனா வீட்டுக்குள்ள லோக்கலா அது தொடர்ந்து வேலை செஞ்சுது. நெட்டு இல்லாம, சர்வர் இல்லாம அடிப்படை வேலை நடக்குதா இல்லையாங்கறது தான் இதுல எல்லாம். எந்த வருஷம் பாத்தாலும் ஏதாவது ஒரு பெரிய கிளவுட், அதாவது நெட் வழியா வேலை பாக்கற சர்வர் கூட்டம், படுக்கும், 2025 அக்டோபர் 20 அன்னிக்கு அமேசானோட கிளவுட் படுத்தப்ப பல பேர் வீட்ல அலெக்ஸா லைட்ட அணைக்க சொன்னா கூட பதில் சொல்லல. ஒரு லைட்ட அணைக்கறதுக்கு பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கற கம்ப்யூட்டர் முழிச்சிட்டு இருக்கணுமா?

சரி, செலவுக்கு வரேன். பெட்டி மேல பெருசா கரண்ட் மிச்சம்னு போட்டிருப்பாங்க. பழைய 60 வாட் குண்டு பல்ப எடுத்துட்டு 9 வாட் எல்இடி போட்டா, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் எரிஞ்சா, வருஷத்துக்கு 93 யூனிட் மிச்சம். அந்த பெருமை எல்இடிக்கு சேர வேண்டியது, ஸ்மார்ட்டுக்கு இல்ல, சாதா எல்இடியும் அதையே தான் செய்யும். ஸ்மார்ட் பல்பு அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ரேடியோ முழிச்சிட்டே இருக்கும், ஐரோப்பிய யூனியன்ல அதுக்கு அரை வாட் தான் உச்சவரம்பு, அந்த அரை வாட்டையே வச்சு கணக்கு போடுவோம். 5 மணி நேரம் எரியற 9 வாட் பல்பு வருஷத்துக்கு சுமார் 16 யூனிட் எரிக்கும், மீதி 19 மணி நேரம் சும்மா இருக்கறதுக்கு மூணரை யூனிட். இதயே பாத்ரூம்ல மாட்டுங்க, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் எரியுதுன்னு வைங்க, எரியறதுக்கு 3.3 யூனிட், அணைஞ்சு கிடக்கறதுக்கு 4.2 யூனிட்! எரியும்போத விட அணைஞ்சிருக்கும்போது அதிகமா சாப்பிடுது. தொகை சின்னது தான், நல்ல பல்புங்க அரை வாட்டுக்கும் கீழ எடுக்கும், அதுக்காக மிச்சம்னு சொல்லி விக்கலாமா?

ஹால்ல ஒரே சுவிட்ச்ல நாலு பல்பு இருந்தா நாலையும் ஸ்மார்ட்டா மாத்தறது வீண் செலவுன்னு தான் நான் சொல்லுவேன். சுவிட்ச் ஒண்ண ஸ்மார்ட்டா மாத்தினா போதும், பல்பு சாதாவா இருக்கட்டும், பியூஸ் போனா சாதா பல்பு விலைல முடிஞ்சிரும். ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு, உங்க கட்டுரைல அதுவும் வரல. ஸ்மார்ட் சுவிட்சுக்கு உள்ள எப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும், அதுக்கு சுவிட்ச் பாக்ஸ்ல நியூட்ரல் ஒயர் (கரண்ட் திரும்பி போற ஒயர்) வரணும், பல பழைய வீட்ல கரண்ட் வர்ற ஃபேஸ் ஒயர் மட்டும் தான் சுவிட்சுக்கு வந்துட்டு போகும். நியூட்ரல் இல்லாமலே ஓடற சுவிட்ச் இருக்கு, அது பல்பு வழியாவே துளி கரண்ட விட்டு பொழைக்கும், அந்த துளிக்கே சில எல்இடி மினுக் மினுக்னு மின்னும், இல்லன்னா அணைச்ச பிறகும் லேசா எரிஞ்சிட்டே இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்து பாக்ஸ தெறந்து பாத்துடுங்க, ஒயர் புதுசா இழுக்கற கூலி அந்த சுவிட்ச் விலைய தாண்டிடலாம்.

ஸ்மார்ட் பல்பு தான் வேணும்னு மாட்டினவங்களுக்கு எதிரி யாருன்னா வீட்ல இருக்கறவங்க தான். பாட்டி போற போக்குல சுவிட்ச அணைச்சிடுவாங்க, அது அம்பது வருஷ பழக்கம், அத தப்பு சொல்ல முடியாது. அணைச்சதும் பல்புக்கு கரண்ட் இல்ல, ஆப்ல "கிடைக்கவில்லை"ன்னு வரும். அது மட்டும்னா பரவால்ல. ஜிக்பீங்கற ரேடியோ முறைல ஓடற பல்புங்க ஒண்ணுக்கொண்ணு சிக்னல கை மாத்தி விடற வேலையும் பாக்குது, பேட்டரில ஓடற ஜிக்பீ பிளைண்ட்ஸ் அந்த வேலைய பாக்காது, அது பக்கத்துல இருக்கற ஏதாவது ஒரு பல்ப புடிச்சிட்டு தொங்கும். அந்த பல்ப சுவிட்ச்ல அணைச்சிட்டீங்கன்னா ஜன்னல் பிளைண்ட்ஸ் அனாதையாயிடும், வேற வழி தேடிக்க சிலது ரொம்ப நேரம் எடுக்கும், சிலது பிடிவாதமா தேடவே தேடாது. லைட்ட அணைச்சதால பிளைண்ட்ஸ் நின்னுச்சுன்னு எந்த மனுஷனுக்கு தோணும், பிளைண்ட்ஸ் மோட்டார் போச்சுன்னு சர்வீஸுக்கு போன் போட்டுட்டு உக்காந்திருப்போம்.

வைஃபை பல்புக்கு ஹப் வேணாம், அதனால சீப்புன்னு சொல்றாங்க. எங்க வீட்ல ரூட்டர் மாத்தினப்ப பாத்தேன் அந்த சீப்ப, ஒவ்வொரு பல்பையும் அணைச்சு போட்டு அணைச்சு போட்டு திரும்ப முதல்லேர்ந்து சேக்க வேண்டியதா இருந்துச்சு, சீலிங்ல இருந்த ஒண்ணு கடைசி வரை சேரவே இல்ல. பெரும்பாலான வைஃபை பல்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல தான் ஓடும், ஜிக்பீயும் அங்க தான், பக்கத்து வீட்டு ரூட்டரும் அங்க தான். லுட்ரான் கம்பெனியோட கசேட்டா சுவிட்ச் மாதிரி சிலது 1 கிகாஹெர்ட்ஸுக்கு கீழ தனி அலைவரிசைல ஓடுது, விலை கூட, கலர் பல்பு வேடிக்கை எல்லாம் கிடையாது, ஆனா அந்த நெரிசல்ல சிக்காது. 1.6 கோடி கலர்னு பெட்டில போட்டிருக்கற பல்புல வீட்ல யூஸ் ஆகறது வெள்ளையும் மஞ்சளும் தான், மீதி ஒரு கோடி சொச்சம் விருந்தாளி வந்த அன்னிக்கு.

பிளைண்ட்ஸ் கதை வேற, அதுல பணமும் அதிகம், பிரயோஜனமும் அதிகம்னு நான் நினைக்கறேன். எட்டாத உயர ஜன்னல், வீல்சேர்ல இருக்கறவங்க, குழந்தை கழுத்துல கயிறு மாட்டிக்குமோங்கற பயம், இதுக்கெல்லாம் மோட்டார் உண்மையிலயே நல்லது. வெயில் வர்றதுக்கு முன்னாடியே தானா இறங்கினா ரூமும் சூடாகாது, அதுலயும் கண்ணாடிக்கு வெளிய மாட்டற ஷேட் தான் சூட்ட நல்லா தடுக்கும், உள்பக்கம் மாட்டினா சூடு கண்ணாடிய தாண்டி உள்ள வந்த பிறகு தான தடுக்குது.

ஆனா ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து செய்யறது, ஒரு வீட்டுது இன்னொரு வீட்டுக்கு ஆகாது, திருப்பி குடுக்கவும் முடியாது. மோட்டார் ஜன்னலுக்கு ஒண்ணு, ரிமோட் தனி, ஹப் தனி, சார்ஜர் சில எடத்துல அதுவும் தனி. ரீசார்ஜ் பேட்டரி சில வருஷத்துல சக்தி கொறையும், அது துணி சுத்தற குழாய்க்கு உள்ளயே மோட்டாரோட சேந்து பூட்டியிருந்தா பேட்டரிக்காக மோட்டாரையே மாத்தணும். பேட்டரிய கழட்டி மாட்ட முடியுமான்னு கடைல கேளுங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர் முழிப்பார். கரண்ட் போனாலோ பேட்டரி தீந்தாலோ கையால இழுக்க முடியாத மாடல் தான் நிறைய, பாதில நின்னா பாதில தான், வேகமா இழுத்தா உள்ள கியர் போயிரும். பழைய சங்கிலிக்கு இந்த பிரச்னையே இல்ல.

இன்னொண்ணு, ரேடியோ ரிமோட்டுங்கள்ல ஒரு வழிப் பாதை தான் பல எடத்துல. பிளைண்ட்ஸ் மோட்டார் செய்யற சோம்ஃபி கம்பெனியோட ஆர்டிஎஸ் முறை அப்படித்தான், ரிமோட் "இறங்கு"ன்னு சொல்லும், பிளைண்ட்ஸ் இறங்கிச்சான்னு பதில் வராது. அத ஒரு ஹப்போட சேத்து ஆப்ல பாத்தா "மூடியிருக்கு"ன்னு காட்டும், நிஜத்துல தெறந்து கிடக்கும், ஏன்னா ஆப் பாத்து சொல்லல, அனுப்பினத வச்சு யூகிக்குது. ரெண்டு வழியும் பேசற மாடல் அதே கம்பெனிகள்லயே இருக்கு, விலை தான் ஏறும். ஊருக்கு போற நேரத்துல ஜன்னல் மூடியிருக்கான்னு போன்ல பாத்து நிம்மதியா இருக்கணும்னு நினைக்கறவங்க இத கேட்டுட்டு வாங்கணும்.

வேற வேற கம்பெனி சாமான் ஒண்ணோட ஒண்ணு பேசறதுக்கு மேட்டர்னு ஒரு பொது தரம் 2022 அக்டோபர்ல வந்துச்சு, லைட்டும் ஜன்னல் பிளைண்ட்ஸும் முதல் வெர்ஷன்லயே இருக்கு, வீட்டுக்குள்ளயே லோக்கலா பேசிக்கும், ஒரு கம்பெனி போனா இன்னொரு கம்பெனி ஆப்ல ஓட்டலாம். நல்ல விஷயம் தான், ஆனா ஏத்தறது இறக்கறது மாதிரி அடிப்படை தான் அதுல வரும், மத்த வசதி பல இன்னும் கம்பெனியோட சொந்த ஆப்ல தான்.

பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, நெட்டோட சேர்ற வீட்டு சாமான விக்கறவங்க எது வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் குடுப்போம்னு சொல்லியே ஆகணும். ஐரோப்பிய யூனியன் சட்டத்துல பொதுவா குறைஞ்சது 5 வருஷம், 2027 டிசம்பர்லேர்ந்து முழுசா நடைமுறைக்கு வருது. ஆனா ரெண்டுமே அப்டேட் பத்தி தான், சர்வர் அத்தனை நாள் ஓடுமா, ஆப் வேலை செய்யுமாங்கறதுக்கு அதுல உத்தரவாதம் இல்ல. அதோட ஜன்னல் பிளைண்ட்ஸுக்கு 5 வருஷம் ஒரு ஆயுசா சார்? துணி அத விட ரொம்ப நாள் வரும்.

அதனால உங்க கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த சாமான்கள பத்தி எழுதும்போது கம்பெனிக்காரங்க கிட்ட மூணு கேள்வி கேக்க சொல்லுங்க, நெட்ட புடுங்கிட்டா என்னென்ன வேலை செய்யும், சர்வர் எந்த தேதி வரைக்கும் ஓடும்னு எழுதி தருவீங்களா, பேட்டரியும் மோட்டாரும் தனியா கிடைக்குமா. யாரு என்ன சொன்னாங்கன்னு கட்டுரைலயே போடுங்க, பதில் சொல்ல மாட்டேன்னவங்க பேரையும் சேத்து.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்