ஒத்திகைக்கு இடம் கொடுங்கள்: திருகோணமலைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாநகர சபை உறுப்பினர்களுக்கும், நகரின் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், மீனவர் சங்கங்கள், வழிபாட்டுத்தல நிர்வாகங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கலையைக் கொண்டு நம் நகரத்தின் குடியிருப்புகளை மேம்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எந்தச் சுவரில் என்ன வரைவது, கடற்கரையில் எங்கே மேடை போடுவது என்றே அது தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். நெடுங்காலம் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கியவன் என்ற உரிமையில், அது தொடங்க வேண்டிய இடம் வேறு என்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

நவராத்திரி நாட்களில் நம் ஒழுங்கைகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இளைஞர்கள் வீடு வீடாகக் காசு சேர்த்து, கும்பத்து மால் (கும்பம் வைக்கும் பந்தல்) கட்டி, வேப்பிலை கொண்டுவருவது யார், கும்பம் தூக்குவது யார் என்பதைத் தங்களுக்குள்ளேயே பேசி முடிக்கிறார்கள். ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கும்பத்துக்கு வேப்பங்குழைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் பாரம் கூடிக் கும்பம் சரிந்தபோது, கதிரையில் இருந்த முதியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் எழுந்துவந்து, கயிற்றை அவிழ்த்து, முதல் அடுக்கிலிருந்து மறுபடி கட்டிக் காட்டிவிட்டுப் போய் அமர்ந்துகொண்டார். அவருக்கு எந்தச் சங்கத்திலும் பதவி இல்லை. ஆனால் நீங்கள் தேடும் தலைமை அவரிடம் இருக்கிறது, அவரை எந்தக் கூட்டத்துக்கும் நாம் அழைத்ததில்லை.

2019 ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களில் ஓவியம் வரையத் தூரிகையோடு தெருவுக்கு வந்தார்கள். அந்த உழைப்பில் குறை காண எனக்கு மனமில்லை. என்றாலும், சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரைக் கேளாமல் வரைந்த ஓவியத்தை வெயிலும் உப்புக்காற்றும் தின்றபின், அதற்கு மீண்டும் வர்ணம் பூச யாரும் வருவதில்லை.

மட்டக்களப்புச் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் இதற்கு நேர்மாறானது. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலாநிதி சி. ஜெயசங்கரும் அவருடன் இயங்கியவர்களும் ஊராருக்குப் பாடம் சொல்லப் போகவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரோடும் ஆடுவோரோடும் உட்கார்ந்து, பழைய கூத்தில் பெண்ணும் சாதியும் எப்படிக் காட்டப்படுகின்றன என்று கேட்டு, மாற்ற வேண்டியதை ஊரே விவாதித்து மாற்ற வழிவிட்டார்கள். கடல் கடந்து பார்த்தால், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1993 இல் ஏழு கறுப்பினக் கலைஞர்கள் கைவிடப்பட்ட 22 சிறு வீடுகளைத் திருத்தி, சிலவற்றைக் கலைக்கூடங்களாகவும் சிலவற்றைப் படிக்கும் இளம் தாய்மாரின் இருப்பிடங்களாகவும் ஆக்கினார்கள். அந்தப் பகுதியில் பிறகு நிலவிலை ஏறிப் பழைய குடிகள் நெருக்கடிக்கு உள்ளானதையும் நாம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரை அழகாகிவிட்ட பிறகு கரைவலை இழுப்பவருக்கு அங்கே இடமில்லை என்றால் அந்த அழகு யாருக்காக?

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. முன்பொருமுறை மாணவர் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க இடம் தேடிப் போனேன். விழா நாளுக்கு மட்டுமே மண்டபம் தரலாம் என்று ஒரு நிர்வாகத்தினர் சொல்லிவிட்டார்கள். மூன்று கிழமை ஒரு மாணவியின் வீட்டு முற்றத்தில், மழை வந்தால் கலைந்தும் விட்டால் கூடியும் பழகினோம். கூத்துக்காரரைக் கேட்டுப் பாருங்கள்: சட்டம் கொடுத்து (ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பங்கிட்டு), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்த்து), அதன் பிறகுதான் அரங்கேற்றம். மாதக்கணக்கில் ஊர் கூடும் அந்த இரவுகளில்தான் முகம் பாராதிருந்த குடும்பங்கள் ஒரே பாயில் உட்காருகின்றன. நாமோ பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை என்று எல்லாவற்றையும் அரங்கேற்ற நாளிலேயே செலவழித்துவிடுகிறோம்.

ஆகவே, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சனசமூக நிலையத்தை மாலை வேளைகளில் கட்டணமின்றிப் பழகுவதற்குத் திறந்துவிடுங்கள். மின்கட்டணத்தையும், பழக்குபவருக்கு ஒரு சிறு கொடுப்பனவையும் சபை ஏற்கட்டும். எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் குழுவில் கலைஞரும் அயலவரும் பாதிக்கு மேல் இருக்கட்டும், அவர்களில் பெண்கள் பெயரளவில் ஓரிருவராக இருந்துவிடக் கூடாது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலைகளை ஒரே மேடையில் பத்துப் பத்து நிமிடம் ஆடவிட்டு அதை நல்லிணக்கம் என்று அழைப்பதைவிட, கூத்தும் முஸ்லிம்களின் கோலாட்டமான பொல்லடியும் சிங்கள மேளமும் ஒரே நிலையத்தில் அடுத்தடுத்த மாலைகளில் பழகப்படுவது மேல். நிலையத்தின் திறப்பை (சாவியை) ஒரு குழு அடுத்த குழுவுக்குக் கைமாற்றும்போதே பேச்சு வந்துவிடும்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்மொழிவுகள் எழுதுமுன், திருக்கடலூரிலும் ஜமாலியாவிலும் மனையாவெளியிலும் ஒவ்வொரு கூட்டம் வையுங்கள். கடலுக்குப் போவோரும் கூலிவேலை முடித்து வருவோரும் வரக்கூடிய நேரமாக அது இருக்கட்டும். கும்பம் கட்டிய அந்த முதியவரை நான் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு நாடக ஆசிரியர்