குடியிருப்போர் நலச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. மழைக்கு முன் கால்வாய் தூர்வார மனு கொடுத்தோம், அடைப்பை எடுத்தார்கள்.

பர்மாவிலிருந்து வந்த நம் முதியவர்களிடம் உட்கார்ந்து, அவரவர் கதையைக் குரலாகப் பதிவு செய்வது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஐந்து பேர் உதவிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஒருவரும் வரவில்லை. நான் தனியாகத்தான் போனேன்.

முதலில் மூன்றாவது தெருவில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை ஆயா. பெயர் வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். 1941-ல் ரங்கூனில் பிறந்தவர். அந்த டிசம்பரில்தான் ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடுமாக நடந்தே கிளம்பினார்கள். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய ஆயாவின் அப்பா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நடக்க முடியாது என்று தங்கிவிட்டார். நடந்துபோன பெரியப்பா ஊர் வந்து சேரவே இல்லை. "நான் பொறந்ததாலதான் எங்கப்பா பொழைச்சாருன்னு எங்கம்மா சொல்லும்" என்றார் ஆயா.

1962-ல் பர்மாவில் தளபதி நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ஆயா வீட்டுக்காரரின் மளிகைக் கடையும் போயிற்று. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தங்கைக் கல்யாணத்துக்குச் சேர்த்ததெல்லாம் நூறு நூறாகவே இருந்ததாம். புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த ஒரு நோட்டை மேசைமேல் விரித்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டியிருந்தது.

"கப்பல்ல வந்த கதைய அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன், நேரமாவுது" என்றார். அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் நான் சந்தாவுக்காக வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன். ஜனவரியில் ஆயா இறந்துவிட்டார். பெயர் கொடுத்த ஐவரில் ஒருவர் போயிருந்தாலும் அந்தக் கப்பல் இன்று நம்மிடம் இருந்திருக்கும். என் பங்குத் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாதச் சந்தா 50 ரூபாய்தான். பாதி வீடுகளுக்கு மேல் பாக்கி. மூன்று ஆண்டுகளாகத் தராதவர்களும் உண்டு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்; கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை.

கூட்டங்களுக்கு மாடியைத் தந்தவருக்கும், நாற்காலி தந்த பந்தல்காரருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இல்லாவிட்டாலும் இந்தப் பதிவு வேலையை விடமாட்டேன். இன்னும் நான்கு பெரியவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பழைய தாயகம் திரும்பியோர் அட்டை, ரங்கூன் போட்டோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.

நான்காவது தெருப் பெரியவர் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவரும் 1964-ல் கப்பலில் வந்தவர். செல்போனில் பதிவு செய்யத் தெரிந்த பிள்ளை ஒருவர் என்னோடு வந்தால் போதும்.

இப்படிக்கு,
செயலாளர்