மேகப் படம் போதாது, காற்றையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானதுமே உங்கள் முதல் பக்கத்தில் செயற்கைக்கோள் படம் வந்துவிடுகிறது. வெள்ளை வெளேரென்று ஒரு மேகச் சுருள். பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருக்கும் நான் அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பது? மரத்தைச் சாய்ப்பது காற்று.

கஜா புயல் வருவதற்கு முன் 'கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும்' என்றார்கள். புயலுக்கு முன் தேங்காய், இளநீரைப் பறித்து, அடிமட்டையைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவு நீளக் கரையில் எந்த ஊர்க்காரர் அதைச் செய்வார்? 2018 நவம்பர் 16 விடிந்தபோது தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன.

வானிலைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. புயலை இழுத்துப் போவது சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று. காரைக்காலில் பலூன் விட்டு அதை அளக்கிறார்கள், சரி. நடுக்கடலில் யார் பலூன் விடுவது?

நம் ஓசன்சாட்-3 செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பி, கடல்மேல் காற்று கிளப்பும் சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதை வைத்து வேகத்தையும் திசையையும் கணிக்கிறது. கனமழைக்குள் அந்தக் கணக்கு தடுமாறும். உயரத்துக் காற்று அதற்குத் தெரியாது. இன்சாட் செயற்கைக்கோள் பெரும்பாலும் மேகம் நகர்வதைப் பார்த்துத்தான் மேல்காற்றைச் சொல்லும். மேகமே இல்லாத இடத்திலும் காற்றை அளக்கத்தான் ஐரோப்பியர்கள் கஜாவுக்கு மூன்று மாதம் முன்பு ஏயோலஸ் என்ற செயற்கைக்கோளை ஏவினார்கள். புற ஊதா லேசரை அடித்து, காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் அலைநீளம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, சுமார் 30 கி.மீ. உயரம் வரை அடுக்கடுக்காகக் காற்றை அளந்தது. அடர்ந்த மேகத்தை அதனாலும் துளைக்க முடியாது. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கிறது. எல்லாம் சேர்ந்தால்தான் கணிப்பு கூர்மையாகும்.

ஏயோலஸ் 2023 ஜூலையில் வளிமண்டலத்தில் எரிந்து போனது. அடுத்தது 2030-களில்தானாம். விண்ணில் காற்றை அளக்கும் லேசர் நம்மிடம் இல்லை. புயலுக்குப் புயல் அடிபடும் நாம் ஏன் ஒன்று செய்யக்கூடாது என்று நீங்கள் எழுதலாமே.

அதுவரை, வரும் ஐப்பசி, கார்த்திகையில் மேகப் படத்துக்குப் பக்கத்திலேயே கடல்மேல் காற்று வரைபடத்தையும், மேலடுக்குக் காற்று புயலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று இரண்டு வரியும் போடுங்கள். முந்தின நாள் சொன்னால் எங்கள் ஊரில் மரம் ஏற ஆள் கிடைக்காது.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.