உலைக்குப் பக்கத்து பேனல்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம்.

சரி, உலைக்குப் பக்கத்தில் சூடாகித் தொல்லை தரும் உன் மின் கட்டுப்பாட்டுப் பேனலுக்கு வருகிறேன். இன்னும் இரண்டு ஃபேன் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். வெளியே 55 டிகிரி இருந்தால் ஃபேன் அந்த 55 டிகிரிக் காற்றைத்தான் உள்ளே தள்ளும், தூசியையும் சேர்த்து. எத்தனை ஃபேன் ஓடினாலும் உள்ளே அதற்குக் கீழே இறங்காது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் அடிக்கடி பழுதாவதற்கு, அதற்குள் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்மேல்தான் எனக்குச் சந்தேகம். 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்ற கணக்கு உனக்கும் தெரியும்.

முதலில் பேனலின் நான்கு பக்கத்துத் தகட்டிலும் வெப்பம் எவ்வளவு என்று அளந்து பார். உலையைப் பார்த்த பக்கம் மட்டும் எகிறினால் கோளாறு காற்றில் இல்லை, உலையின் வெப்பக் கதிர்வீச்சில். உலைக்கும் பேனலுக்கும் நடுவில் ஒரு பளபளப்பான ஸ்டெயின்லெஸ் தகட்டை நிறுத்து. பேனலோடு ஒட்டாமல், இரு பக்கமும் காற்று ஓடும்படி. ஏசி வாங்கும் முன் இதைச் செய்துவிட்டால் சின்ன ஏசியே போதும். கேபிள் நீளம் இடம் கொடுத்தால் பேனலையே சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடு. என்னைக் கேட்டால் அதைவிட நல்ல குளிரூட்டல் கிடையாது.

பேனலைக் குளிர்விக்க வோர்டெக்ஸ் டியூப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரெஞ்சுக்காரர் ரான்க் 1930களில் கண்டுபிடித்தது. கம்ப்ரஸர் காற்றைக் குழாய்க்குள் சுழலவிட்டால் ஒரு முனையில் சூடாகவும் மறுமுனையில் குளிராகவும் பிரிந்து வரும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் கண்கட்டு வித்தைதான்! அந்தக் குளிர்காற்றை உள்ளே விட்டால் பேனலுக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்பதால் தூசியும் நுழையாது. ஆனால் காற்றை அப்படிக் குடிக்கும். வெப்பத்தைப் பார்த்துக் காற்றைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், சோலினாய்டு வால்வு இல்லாமல் மாட்டாதே. எண்ணெயும் தண்ணீரும் கலக்காத காற்றாக இருக்கட்டும். பேனலுக்குள் 35 டிகிரியில் நிறுத்தினால் போதும். ரொம்பக் குளிர வைத்தால், கதவைத் திறந்ததும் சர்க்யூட் போர்டின்மேல் நீர் வியர்க்கும்.

அப்புறம் உலைக்குள் பார்க்கும் அந்தக் கேமரா. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டும், லென்ஸ் முன்னால் காற்று வீச்சும் இருக்கிறது என்கிறாய். கரண்ட் போனால்? பம்பு நிற்கும், கம்ப்ரஸர் நிற்கும், உலை மட்டும் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கும். கேமராவைக் காப்பாற்ற வேண்டியது அந்த நேரத்தில்தான். தண்ணீரோ காற்றோ குறைந்தவுடன் அதைத் தானாக வெளியே இழுக்கும் காற்றழுத்த சிலிண்டரும், அதற்கென்று தனியாக ஒரு காற்றுத் தொட்டியும் கேள். விலையைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான், விட்டுக்கொடுக்காதே.

தகடு வைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அடுத்த கடிதத்தில் எழுது. டிரைவின் மாடல் நம்பரையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ராகவன்